பலப்ரேரோ: வாயாடியா, மத்தியஸ்தரா?

நண்பர் கேட்டிருப்பது இது. கொலம்பியாவின் குவாஹிரா பகுதியைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் துணைவரிகள் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு மூதாட்டி, "நாளைக்குப் பலப்ரேரோ வருகிறார்" என்கிறார். ஸ்பானிய அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்கு ‘அதிகம் பேசுகிறவர்’ என்றும், ‘வாய்க்கு வந்ததையெல்லாம் தருவதாகச் சொல்லிவிட்டு ஒன்றையும் நிறைவேற்றாதவர்’ என்றும் பொருள் போட்டிருக்கிறது. படத்திலோ அவர் வந்து உட்கார்ந்ததும் அந்தக் குடும்பமே பேச்சை நிறுத்திவிட்டுக் காதுகொடுக்கிறது. பகைத்துக்கொண்ட இரண்டு குடும்பங்களுக்கு நடுவே அவர் சமாதானம் பேசுகிறார். இவரை மத்தியஸ்தர் என்று எழுதுவதா, தரகர் என்று எழுதுவதா, ஸ்பானியத்தில் மத்தியஸ்தருக்கு இதுதான் சொல்லா என்று கேட்கிறார்.

ஒரு சொல்லின் பொருளைக் கேட்பது போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓர் ஊரில் வசவாக இருக்கிற சொல் இன்னோர் ஊரில் எப்படி மரியாதைப் பட்டமானது என்பது ஒன்று. அந்த மனிதர் செய்கிற வேலை சரியாக என்ன என்பது மற்றது. இரண்டாவதற்கு விடை தெரியாமல் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நான் இருபது ஆண்டுகளாகச் சென்னையில் ஸ்பானியம் கற்பிக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரிகளுக்கும் ஸ்பெயினிலிருந்து வருகிற காலணிக் கொள்முதல்காரர்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே ஸ்பானியச் சொல்லைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். குவாஹிராவில் வாழும் வயூ மக்களின் தாய்மொழியான வயூனைக்கி எனக்குத் தெரியாது. அந்த மொழிச் சொற்களை ஸ்பானிய எழுத்துகளின் வழியாகவே அறிந்திருக்கிறேன். கீழே வருவதை அந்த அளவுக்கு வைத்துப் படியுங்கள்.

சுருக்கமான விடை: குவாஹிராவில் பலப்ரேரோ என்றால் சொல்லைச் சுமந்து செல்பவர், வயூ மக்களின் மரபுச் சட்டத்தை நடத்திவைப்பவர். ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தில் ஒருவரைப் பலப்ரேரோ என்றால் அவர் கோபித்துக்கொள்வார். அகராதியும் தவறில்லை, ஆவணப்படமும் தவறில்லை.

சொல்லை உடைத்துப் பார்ப்போம். ‘பலாப்ரா’ என்றால் சொல். கிரேக்கத்தில் ‘ஒப்புமை’ என்று பொருள்பட்ட ஒரு சொல் லத்தீனுக்குப் ‘பரபோலா’ என்று வந்தது. ஏசு சொன்ன உவமைக் கதைகளுக்கு அதுவே பெயராயிற்று. மக்கள் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ‘சொல்’ என்ற பொதுப்பொருளுக்குப் பரந்தது. ஸ்பானியத்தில் முதலில் ‘பராப்லா’ என்றிருந்து, ரகரமும் லகரமும் இடம் மாறிப் ‘பலாப்ரா’ ஆயிற்று. நம்மிடம் தசை சதையானது போலத்தான்.

அதன் பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஏரோ’ என்ற விகுதியில்தான் விஷயம் இருக்கிறது. ‘சபாத்தோ’ காலணி, அதைச் செய்பவர் ‘சபத்தேரோ’. ‘பான்’ ரொட்டி, சுடுபவர் ‘பனதேரோ’. (இலங்கைத் தமிழர்களுக்கு இவ்விரண்டும் அந்நியமாக இராது. அவர்கள் நாள்தோறும் சொல்லும் சப்பாத்தும் பாணும் இவற்றின் போர்த்துகீசிய உறவுகளிலிருந்து வந்தவை.) ஆக, ‘ஏரோ’ தொழிலைக் காட்டும் விகுதி. ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒருவரது பழக்கத்தை, சாய்வைக் காட்டும். ‘எம்புஸ்தேரோ’ என்றால் பொய் சொல்வதே வழக்கமானவர். ‘கஃபெத்தேரோ’ என்ற சொல்லைப் பாருங்கள். கொலம்பியாவில் அது காப்பி பயிரிடுபவரைக் குறிக்கும். ஸ்பெயினில் ஒருவர் தன்னைக் கஃபெத்தேரோ என்று சொன்னால், காப்பி இல்லாமல் இருக்க முடியாதவர் என்று பொருள். ஒரே விகுதி, ஒரே பகுதி. ஓரிடத்தில் தொழில், மற்றோரிடத்தில் பழக்கம்.

பலப்ரேரோவுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. சொல்லே பழக்கமாகிப்போனவர் என்ற பொருளை ஸ்பெயின் எடுத்துக்கொண்டது. அங்கே அவர் வாயாடி. சொல்லே தொழிலானவர் என்ற பொருள் குவாஹிராவில் நிலைத்தது. அங்கே அவர் பெரியவர். ஸ்பானியத்துக்குள்ளேயே சொல்லுக்கு இப்படி இரண்டு முகம் உண்டு என்பதையும் கவனியுங்கள். ‘ஓம்ப்ரே தே பலாப்ரா’ என்றால் சொன்ன சொல் தவறாதவர். ‘பலப்ரெரியா’ என்றால் வெற்றுப் பேச்சு. நாமும் வாக்குத் தவறாதவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம், ‘எல்லாம் வாய்ச்சொல்தான்’ என்று அலுத்தும் கொள்கிறோம்.

இதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அகராதிப் பொருள் உறுதி. குவாஹிராவில் பட்டமாக வழங்குவதும் உறுதி. வயூ மொழியில் இவருக்குரிய பெயர் ‘புச்சிபுஉய்’. ‘புச்சி’ என்றால் அந்த மொழியில் சொல். முழுப் பெயரையும் ஸ்பானியத்தில் ‘சொல்லைச் சுமப்பவர்’ என்று விளக்குகிறார்கள். இதுவும் உறுதி. (அந்தப் பெயரில் வருகிற உகரத்தை உதடு குவிக்காமல், ‘காது’ என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரம் போல ஒலியுங்கள்; தமிழ் நாக்குக்கு அது எளிது.) வயூ பெயரில் உள்ள ‘சொல்’லைப் பார்த்து அப்படியே ‘பலாப்ரா’வை வைத்து, தொழில் விகுதியைச் சேர்த்து இந்தப் பெயரை உண்டாக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். வடிவம் அப்படித்தான் கைகாட்டுகிறது என்பதற்கு மேல் அதற்கு நான் ஆதாரம் காட்டவில்லை.

ஒரு பக்கக் கதை. இதே பலாப்ராவின் போர்த்துகீசிய உடன்பிறப்பு ‘பலாவ்ரா’. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துகீசிய வணிகர்கள் உள்ளூர்த் தலைவர்களோடு உட்கார்ந்து நடத்திய பேச்சுவார்த்தைக்கு அந்தச் சொல் வழங்கியது. ஆங்கில மாலுமிகள் அதை எடுத்துக்கொண்டு ‘பலேவர்’ என்றார்கள். ஆங்கிலத்தில் இன்று அதற்கு வீண் பேச்சு என்று பொருள். சமாதானப் பேச்சு வெளியார் காதுக்கு வளவளப்பாகக் கேட்கிறது என்பது குவாஹிராவோடு நிற்கிற சங்கதி இல்லை போலும்.

இனி அந்த மனிதரிடம் வருவோம். குவாஹிரா என்பது தென் அமெரிக்காவின் வடமுனையில் கரீபியக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வறண்ட தீபகற்பம். பெரும்பகுதி கொலம்பியாவுக்கும் மீதி வெனிசுவேலாவுக்கும் சொந்தம். வயூ மக்கள் எல்லைக்கு இரு புறமும் வாழ்கிறார்கள். ஆடு வளர்ப்பது, மீன் பிடிப்பது, நெசவு என்பவை பழைய தொழில்கள். அவர்கள் தாய்வழிச் சமூகம். குலப்பெயர் தாயிடமிருந்து வரும். உரியானா, இபுவானா, எபியெயூ, புஷாய்னா என்று குலங்களுக்குப் பெயர்கள். வீட்டில் முடிவெடுக்கும் மூத்தவர் அப்பா அல்ல, தாய்மாமன். பலப்ரேரோ ஆவதற்கும் முதல் தகுதி தாய்மாமன் என்ற நிலைதான். அதற்கு மேல் நடத்தை சுத்தம் வேண்டும், நாவன்மை வேண்டும், பொறுமை வேண்டும். எந்த அரசும் இவரை நியமிப்பதில்லை. பெண்களும் இந்தப் பணியைச் செய்யத் தொடங்கியிருப்பதாகக் கொலம்பியச் செய்திகளில் வருகிறது. மரபுப் பதிவுகளோ தாய்மாமனையே பேசுகின்றன.

அங்கே ஒருவர் செய்த குற்றம் அவரோடு முடிவதில்லை. ஒரு பையன் இன்னொரு வீட்டுப் பையனைக் காயப்படுத்திவிட்டால், அடித்தவன் குடும்பம் முழுவதும் அடிபட்டவன் குடும்பத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. தண்டனை என்ற எண்ணத்தைவிட ஈடு என்ற எண்ணமே அந்தச் சட்டத்தின் அச்சாணி. யாரைச் சிறையில் தள்ளுவது என்று கேட்பதில்லை. என்ன கொடுத்தால் இந்தக் காயம் ஆறும் என்றுதான் கேட்கிறார்கள். கொலைக்குக்கூட ஈடு உண்டு. ஈடு கொடுக்காவிட்டால் பழிவாங்கல் தலைமுறை தலைமுறையாக நீளும். அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்து போகிறவர்தான் பலப்ரேரோ.

அவர் வரும் முறையைச் சொல்கிறேன், உங்கள் படத்தின் காட்சிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பாதிக்கப்பட்ட குடும்பம் தங்கள் கோரிக்கையை அவரிடம் சொல்லும். இதை அங்குள்ள ஸ்பானியத்தில் ‘சொல்லை அனுப்புவது’ என்பார்கள். அவர் கைத்தடியோடு மறு குடும்பத்தின் வீட்டுக்குப் போவார். வீட்டு முற்றத்தில் நான்கு பக்கமும் திறந்த பந்தல் ஒன்று இருக்கும்; கூரைக்குக் கள்ளிச் செடியின் காய்ந்த உள்மரத்தைப் பரப்பியிருப்பார்கள். விருந்தினரை அங்கேதான் உட்காரவைப்பது. ஏணையில் இடம் கொடுப்பார்கள், காப்பி வரும். எடுத்த எடுப்பில் வழக்கைப் பேசுவதில்லை. பிறகு, அனுப்பியவர்களின் சொல்லை அவர் எடுத்து வைப்பார். அதில் இருந்த சூட்டைத் தணித்து, ஆனால் கேட்டது எதையும் குறைக்காமல் சொல்வதில்தான் அவர் திறமை இருக்கிறது. மறு தரப்பு சொல்வதை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்புவார். முதல் நாளே ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடியும் போவார். அவர் நடையில்தான் நாள்கள் கழியும், நாள்கள் கழியக் கழியக் கோபமும் இறங்கும்.

ஒத்துக்கொண்டால், அந்தக் குடும்பம் உறவினர்களிடமெல்லாம் திரட்டத் தொடங்கும். ஆடு, மாடு, பணம், ‘தூமா’ என்று அவர்கள் அழைக்கும் செந்நிறக் கல்மணிகள் கோத்த மாலை என்று ஆளுக்கொன்று வரும். தாயின் வழியில் உறவான ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும். நான் இதில் மிகவும் மதிக்கிற இடம் இதுதான். ஒருவன் கைநீட்டியதற்குச் சித்தி வீட்டு ஆடும் போகிறது என்றால், அடுத்த முறை அவன் கைநீட்டும்போது சித்தியே பிடித்துக்கொள்வாள். கடைசியில் இரு குடும்பங்களும் ஓரிடத்தில் கூடி, ஈட்டைக் கொடுத்து வாங்கி, பகையை முடித்துக்கொள்கிறார்கள்.

முதல் பலப்ரேரோ ஒரு பறவை என்பது வயூ மரபுக் கதை. அதன் பெயர் ‘உத்தா’. பழங்காலத்தில் எல்லா உயிர்களும் மனிதரைப் போலப் பேசியபோது சட்டத்தை வகுத்துச் சொன்னது அதுவாம். பலப்ரேரோக்கள் தங்களை அந்தப் பறவையின் வழியில் வந்தவர்களாகக் கொள்கிறார்கள்.

2010-ஆம் ஆண்டு யுனெஸ்கோ, பலப்ரேரோ நடத்தும் வயூ நெறிமுறையை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பதிவின் பெயரிலேயே வயூ சொல்லும் ஸ்பானியச் சொல்லும் சேர்ந்து நிற்கின்றன. உங்கள் மொழிபெயர்ப்பை யாராவது கேள்வி கேட்டால் இதைக் காட்டலாம். கொலம்பியாவின் 1991 அரசமைப்பும் 246-ஆவது பிரிவில், பழங்குடி அதிகாரிகள் தங்கள் நிலப்பகுதிக்குள் தங்கள் நெறிகளின்படி நீதி வழங்கலாம் என்கிறது. அரசமைப்புக்கும் நாட்டின் சட்டங்களுக்கும் அது முரண்படக் கூடாது என்பது நிபந்தனை. வெனிசுவேலாவின் 1999 அரசமைப்பிலும் இதையொத்த பிரிவு உண்டு.

ஆனால் பலப்ரேரோ நீதிபதி அல்ல. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. இத்தனை ஆடு கொடு என்று ஆணையிட அவருக்கு அதிகாரம் கிடையாது. அவர் சொல்லைத் தள்ளிவிடவும் குடும்பத்துக்கு உரிமை உண்டு. தள்ளினால் வரும் விளைவைத்தான் அவர் எடுத்துச் சொல்வார். அவர் நடுநிலையாளரா என்பதில் மட்டும் எழுதியவர்களுக்குள் அழுத்தம் மாறுகிறது. யுனெஸ்கோ பதிவு, இரு தரப்பும் அவரை நாடுவதாகச் சொல்கிறது. களத்தில் ஆராய்ந்தவர்களின் விவரிப்பு பெரும்பாலும் பாதிக்கப்பட்ட குடும்பம் அனுப்பும் சொல்லிலிருந்து தொடங்குகிறது. வயூ வழிவந்த மானுடவியலாளர் வெயில்தெர் குவெர்ரா குர்வெலோ 2002-இல் இந்தச் சட்டத்தைப் பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘தகராறும் சொல்லும்’ என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. என் கருத்தைக் கேட்டால், ஒருவரால் அனுப்பப்பட்டாலும் இருவராலும் நம்பப்படுகிறவர் என்பதே பொருத்தமான விவரிப்பு. நம்முடைய நீதிமன்றப் பழக்கத்தில் நடுநிலை என்றால் இருவரிடமிருந்தும் ஒரே தூரத்தில் நிற்பது. அங்கே நடுநிலை என்பது இரண்டு வீட்டு வாசலுக்கும் நடந்து போவது.

அப்படியானால் ஸ்பானியத்தில் மத்தியஸ்தருக்குப் பொதுச்சொல் எது? ‘மெதியதோர்’. ஸ்பெயினில் 2012 ஜூலையில் வந்த மத்தியஸ்தச் சட்டம் இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது. தரப்பினர் தாமே விரும்பி வந்து, தாமே உடன்பாட்டை எட்டுவதற்கு உதவுகிறவர் என்பது அங்கே இலக்கணம். ‘இன்தெர்மெதியாரியோ’ என்பது வணிக இடைத்தரகர்; விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நிற்பவர். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை என் தொடக்கக் காலத்திலேயே கற்றுக்கொண்டேன். ஆம்பூரில் ஒரு பதனிடும் ஆலையின் அலுவலறை. மேசை மேல் ஆட்டுத்தோல் மாதிரிகள் விரித்துக் கிடந்தன. கமிஷன் ஏஜென்ட் உள்ளே வந்தார். முதலாளி, "இவர்தாங்க நடுவுல இருந்து எல்லாம் பாத்துக்கறவர்" என்றார். நான் ‘மெதியதோர்’ என்று மொழிபெயர்த்தேன். தோலைத் தடவிக்கொண்டிருந்த ஸ்பானியப் பெண்மணி கையை எடுத்துவிட்டு, "ஏதாவது தகராறு ஆகியிருக்கிறதா?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். போன முறை அனுப்பிய சரக்கைப் பற்றி யாரோ வழக்குப் போட்டிருப்பதாக அவர் எண்ணிவிட்டார். சொல்லைத் திருத்திச் சொன்ன பிறகும் அன்று முழுவதும் அவர் முகத்தில் அந்தச் சந்தேகம் நின்றது. அன்றிலிருந்து ‘நடுவில் இருப்பவர்’ என்று யார் சொன்னாலும், எதற்கு நடுவில் என்று கேட்காமல் நான் மொழிபெயர்ப்பதில்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். காப்பீட்டுத் துறையில் மட்டும் ஸ்பெயின்காரர்கள் முகவரையும் தரகரையும் சேர்த்து ‘மெதியதோர்’ என்பார்கள். அங்கே தகராறு எதுவும் கிடையாது, பாலிசி விற்பனைதான்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஆர்பித்ரோ’ என்பவர் தீர்ப்புச் சொல்லும் நடுவர். கால்பந்து மைதானத்தில் விசில் ஊதுபவரும் அவர்தான். ‘கொன்சிலியதோர்’ என்பவரைக் கொலம்பியாவில் நிறையக் கேட்கலாம். மெதியதோரைவிட ஒரு படி மேலே போய், இப்படி முடித்துக்கொள்ளலாமே என்று தாமே யோசனை சொல்லக்கூடியவர். ‘மெதியனேரோ’ பழைய சொல், அழகான சொல். மத்தியஸ்தரையும் குறிக்கும்; இரண்டு வீட்டுக்குப் பொதுவான சுவருக்கும் அதே அடைமொழி. பிரிப்பதும் சேர்ப்பதும் ஒரே சுவர் என்பதால் வந்த பொருத்தம். ‘அல்காவெத்தே’ அரபியிலிருந்து ஸ்பெயினுக்கு வந்தது. கள்ளக் காதலுக்குத் தூது போகிறவரை இழிவாகச் சொல்வது. கரீபியக் கரையோரக் கொலம்பியாவில் பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறவரையும் அப்படிச் சொல்வார்கள். மெக்சிகோவில் ‘கொயோத்தே’ என்றால் கையூட்டு வாங்கிக்கொண்டு காரியம் முடித்துத் தருகிற ஆள், எல்லை கடத்தி விடுகிற ஆள். கடைசி இரண்டையும் மறந்தும் மரியாதையான இடத்தில் போட்டுவிடாதீர்கள்.

‘ஓம்ப்ரே புவேனோ’, நேர்ப்பொருளில் ‘நல்ல மனிதர்’, என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல ஆசை. 1812-ஆம் ஆண்டு காதிஸ் நகரில் இயற்றப்பட்ட ஸ்பானிய அரசமைப்பில், வழக்குத் தொடுக்கும் முன் சமரசத்துக்கு முயன்றாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஊர்த் தலைவரான அல்கால்தேயின் முன்னால் போக வேண்டும். ஒவ்வொரு தரப்பும் ஒரு ‘நல்ல மனித’ரைக் கூட அழைத்து வர வேண்டும். இந்த முயற்சி செய்யாமல் எந்த வழக்கையும் தொடங்க முடியாது. சட்டம் படித்தவர் வேண்டும் என்று அது கேட்கவில்லை, நல்லவர் என்று பெயர் எடுத்தவர் வேண்டும் என்று கேட்டது. பலப்ரேரோவுக்கு ஸ்பெயினுக்குள்ளேயே ஒரு தொலைதூர உறவினரைத் தேடினால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

இத்தனை சொற்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்வது மொழியாசிரியரின் பழக்கத்தால் மட்டும் அல்ல. சொல் மாறினால் அரசியலே மாறும். 2019 பிப்ரவரியில் கட்டலோனியா பிரச்சினையில், பேச்சுவார்த்தையில் ஒரு மூன்றாம் நபர் இருப்பதற்கு ஸ்பெயின் அரசு இசைந்தது. பிரிவினை கோரியவர்கள் சர்வதேச ‘மெதியதோர்’ வேண்டும் என்று கேட்டுவந்தார்கள். மெதியதோர் என்று ஒப்புக்கொண்டால் இரண்டு சமமான தரப்புகள் இருப்பதாக ஆகிவிடும். அதனால் அரசு ‘ரெலத்தோர்’, அதாவது நடந்ததைக் குறித்துச் சொல்பவர், என்ற சொல்லை எடுத்தது. அதுவும் எடுபடவில்லை. பிப்ரவரி 10 அன்று எதிர்க்கட்சிகள் மத்ரித்தின் கொலோன் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூட்டின; சில நாள்களில் அரசின் வரவுசெலவுத் திட்டம் தோற்றது; ஏப்ரலில் தேர்தல் வந்தது. அந்தச் சொல் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரம் ஸ்பெயின் முழுவதும் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தது.

கொலம்பிய அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் 2012 முதல் 2016 வரை ஹவானாவில் பேசியபோதும் யாரையும் மெதியதோர் என்று அழைக்கவில்லை. கியூபாவும் நார்வேயும் ‘கரான்தே’ நாடுகள், அதாவது உத்தரவாதம் தருபவை. வெனிசுவேலாவும் சிலியும் ‘உடன் வருபவை’. நார்வே என்றதும் ஈழத் தமிழ் வாசகர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வந்திருக்கும். 2002 போர்நிறுத்த ஒப்பந்தக் காலத்தில் நார்வேயை மத்தியஸ்தர் என்பதைவிட ‘அனுசரணையாளர்’ என்றே இலங்கைத் தமிழ் ஏடுகள் எழுதின. காரணம் அதேதான். மத்தியஸ்தர் என்றால் நடுவில் உட்கார்ந்து எடை போடுகிறவர் என்று தோன்றும். அனுசரணையாளர் பேச இடம் அமைத்துக் கொடுப்பவர். தமிழிலும் இந்த நுட்பங்களுக்குச் சொல் இருக்கிறது, பயன்படுத்தியிருக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உங்கள் துணைவரிக்கு வருவோம். ‘தரகர்’ கூடவே கூடாது. காசு வாடை வந்துவிடும். ‘நடுவர்’, ‘பஞ்சாயத்தார்’ இரண்டும் தீர்ப்பைக் கொண்டுவரும். பலப்ரேரோவிடம் தீர்ப்பு இல்லை. ‘மத்தியஸ்தர்’ தவறில்லை. ஆனால் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க இருவரும் அவரிடம் வருவதாகப் படம் எழும். இவரோ நடப்பவர். சங்கப் பாடல்களில் ஊடிய தலைவியிடம் தலைவனுக்காகப் பேசப் போகும் பாணனையும் தோழியையும் விறலியையும் ‘வாயில்’ என்பார்கள். அவர்கள் பேச்சை ஏற்பது ‘வாயில் நேர்தல்’, தள்ளுவது ‘வாயில் மறுத்தல்’. பலப்ரேரோவின் வேலைக்கு இவ்வளவு நெருங்கி வருகிற சொல்லை நான் வேறு மொழியில் பார்த்ததில்லை. வருத்தம் என்னவென்றால், இன்று ‘வாயில் வருகிறார்’ என்று திரையில் போட்டால் யாருக்கும் புரியாது.

மிஞ்சுவது தூது. திருக்குறளின் தூது அதிகாரத்தில் ‘விடுமாற்றம்’ என்று ஒரு சொல் வருகிறது. மாற்றம் என்றால் அங்கே சொல். விடுமாற்றம், சொல்லி அனுப்பிய சொல். குவாஹிராவில் ‘சொல்லை அனுப்புவது’ என்கிறார்களே, அதற்குத் தைத்து வைத்தது போல இருக்கிறது. ஆகவே ‘சொல்தூதர்’ என்று எழுதுங்கள். தூதர் என்பதில் அரசாங்க வாடை கொஞ்சம் உண்டு. முன்னால் ‘சொல்’ நிற்பதால் அது அடங்கிவிடும். முதல் முறை வரும்போது மட்டும் ‘பலப்ரேரோ எனும் சொல்தூதர்’ என்று போட்டுவிட்டு, பிறகு சொல்தூதர் என்றே தொடரலாம். பலப்ரேரோ என்று சொல்லும்போது நடுவிலுள்ள ‘ப்ரே’யை அழுத்தி, ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவதாக வரும் பகரத்தைப் போல மென்மையாக ஒலிக்க வேண்டும் என்று பின்னணிக் குரல் கொடுப்பவரிடமும் சொல்லிவையுங்கள். படத்தில் வேறெங்காவது ஒரு ஸ்பெயின்காரர் யாரையாவது எரிச்சலோடு பலப்ரேரோ என்று திட்டினால், அங்கே தயங்காமல் ‘வாயாடி’ என்று போடுங்கள்.

மூதாட்டியின் வரி: "நாளைக்குச் சொல்தூதர் வருகிறார்." ‘வருகிறார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ விகுதியை இடம் போதவில்லை என்று யாராவது சுருக்கச் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்பானிய வினையில் இல்லாத அந்த மரியாதை மூதாட்டியின் குரலில் இருக்கும். அதைக் காட்ட வழி தமிழில்தான் இருக்கிறது.